சுளகில் பயறும் கவுப்பியும்

மாதாந்த ஊசி போட்ட பிறகு காதுக்குள் பேசிய சத்தம் நின்றுவிட்டது. இரவில் நித்திரையும் வருகிறது. ஆனால் ஐந்து சாமான் சொல்லிக் கடைக்கு அனுப்பினால் இரண்டோடு திரும்பி வருகிறான். மிச்சக்காசை எண்ணி வாங்கவும் தடுமாறுகிறான். முந்தலுக்கும் பாலாவிக்கும் நடுவே, தென்னந்தோட்டங்களும் இறால் பண்ணைகளுமாகக் கிடக்கும் மதுரங்குளியில் ஒரு வீட்டில் இப்படி ஒரு மகன் இருந்தால், ஊர் அவனுக்கு வைக்கும் பெயர் சோம்பேறி. மருந்து குடித்துக் குடித்து மந்தமாகிவிட்டான் என்பார் ஒருவர். செய்வினை இன்னும் முழுதாகக் கழியவில்லை என்பார் இன்னொருவர். அவனோ கடை வாசலில் நின்று, உம்மா என்ன சொல்லி அனுப்பினார் என்று மனதுக்குள் தேடிக்கொண்டிருப்பான்.

அது சோம்பல் இல்லை, நோயின் இன்னொரு முகம். உளப்பிளவு போன்ற உளமாய நோய்கள் என்றதும் இல்லாத குரல் கேட்பதும், யாரோ தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்று பயப்படுவதும்தான் நம் நினைவுக்கு வரும். அவை கண்ணுக்குத் தெரிகிறவை. ஒன்றில் கவனத்தை நிறுத்துவது, கேட்டதைச் சற்று நேரம் மனதில் தாங்கி வைப்பது, எது முதல் எது பிறகு என்று அடுக்குவது ஆகியவையும் கூடவே பழுதாகின்றன. பலருக்கு முதல் குரல் கேட்பதற்கு முன்பே இந்தத் தேய்வு தொடங்கிவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்த பிள்ளை காரணமின்றிப் பின்தங்குவது சில வேளை இதனால்தான். குரலை அடக்கும் மருந்துகள் இந்தப் பழுதை அவ்வளவாகச் சீர்செய்வதில்லை. ஒருவர் மறுபடி வேலைக்குப் போவாரா, தனியாக பஸ் ஏறி வருவாரா என்பது பெரும்பாலும் இதில்தான் தங்கியிருக்கிறது.

இதற்கென்று வந்ததுதான் அறிகைப் பயிற்சி. தளர்ந்த காலை நடக்கப் பழக்குவதுபோல, தளர்ந்த கவனத்தையும் நினைவையும் திரும்பத் திரும்பப் பழக்குவது. மேல்நாடுகளில் இதைப் பெரும்பாலும் கணினியில் செய்விக்கிறார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தார் எடுத்த வழியோ நம் குசினிக்கு மிகக் கிட்ட இருக்கிறது. கலந்த தானியங்களை வகை பிரிப்பது, அச்சிட்ட தாளில் குறித்த எழுத்தை மட்டும் தேடி அடிப்பது என்பவை அங்கே வழக்கிலுள்ள பயிற்சிகள். முதல் தடவை நோய்வாய்ப்பட்டவர்களுக்கு, வழக்கமான சிகிச்சையோடு வீட்டிலேயே 2 மாதம் இப்படிப் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வொன்றை 2012இல் அவர்கள் வெளியிட்டார்கள்.

ஒரு சுளகும் ஒரு பிடி பயறும் ஒரு பிடி கவுப்பியும் எந்த வீட்டில் இல்லை? பழைய வீரகேசரி ஒன்றை எடுத்து, ஒரு பத்தியில் உள்ள ‘ழ’ எல்லாவற்றையும் பென்சிலால் வெட்டச் சொல்லலாம். முதல் நாள் பத்து நிமிடம் போதும். பிழை விடாத அளவுக்கு இலகுவாகத் தொடங்கி, கை பழகியதும் சற்றுக் கடினமாக்க வேண்டும். வென்ற ருசி தெரிந்தால்தான் மறுநாளும் வந்து உட்காருவான்.

ஆனால் பயறு பிரிப்பதில் கெட்டிக்காரனாகிவிட்டால் மட்டும் வாழ்க்கை மாறிவிடாது. 2021இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், அறிகைப் பயிற்சி பற்றிய 130 ஆய்வுகளை, அவற்றில் இருந்த 8,851 பேரை, ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். அறிகையிலும் அன்றாட வாழ்விலும் முன்னேற்றம் தெரிந்தது, அளவு சிறியதுதான். பக்கத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் இருந்து, செய்யும் உத்தியைச் சொல்லிக் கொடுத்து, தொழில் பழக்குவது போன்ற மறுவாழ்வு வேலைகளோடும் இணைத்த இடங்களில் பலன் கூடியிருந்தது. என் மனதில் ஆழமாகப் பதிந்த செய்தி இதுதான். கணினியை வாங்கி ஒரு மூலையில் வைத்துவிட்டு ஆளைத் தனியே விட்டால் காரியம் நடக்காது.

உத்தி என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. சீனி, பருப்பு, மாசி, சவர்க்காரம், பற்பசை என்று ஐந்தையும் ஒரே மூச்சில் சொல்லாமல், “மகன், சமைக்க மூன்று, குளிக்க இரண்டு” என்று இரண்டு கட்டாகக் கட்டிக் கொடுப்பது. அதை அவனையே வாய்விட்டுச் சொல்ல வைப்பது. பிறகு அதே நாளில் கடைக்கு அனுப்பி வைப்பது. வீட்டில் பழகியது கடையில் கைகொடுக்க வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவும்.

மருந்தை விட்டுவிடலாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. மருந்து இல்லாமல் இந்தப் பயிற்சி நிற்காது. ஒன்றை மட்டும் கிளினிக்கில் வாய்திறந்து கேளுங்கள். கை நடுக்கத்துக்கும் உடல் இறுக்கத்துக்கும் கூடவே கொடுக்கும் பென்செக்சோல் போன்ற மாத்திரைகள் நினைவாற்றலை மங்கச் செய்யலாம். அது இன்னும் தேவையா, அளவைக் குறைக்கலாமா என்று வைத்தியரிடம் கேட்பதில் குற்றமில்லை. நீங்களாக நிறுத்துவதுதான் ஆபத்து. அந்தரமான நேரத்தில் அழைக்க, தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் 1926.

இலங்கையின் 2005ஆம் ஆண்டு மனநலக் கொள்கை, பெரிய ஆஸ்பத்திரிகளில் குவிந்திருந்த மனநல வைத்தியத்தை மாவட்டங்களுக்குக் கொண்டுவரும் எண்ணத்தோடு எழுதப்பட்டது. ஊசியும் குளிசையும் ஊர்ப்பக்கம் வந்துவிட்டன. பக்கத்தில் உட்கார ஆள்தான் வேண்டும். அந்த ஆள் பட்டம் பெற்றவராகத்தான் இருக்க வேண்டுமா? சென்னையின் ஸ்கார்ஃப் மனநல நிறுவனமும் பங்கெடுத்து, காஞ்சிபுரம், கோவா, சதாரா ஆகிய மூன்று இடங்களில் 282 நோயாளிகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது, 2014இல் வெளியானது. அந்தந்த ஊரவருக்கே பயிற்சி கொடுத்து நோயாளிகளின் வீடுகளுக்கு அனுப்பினார்கள். அது அறிகைப் பயிற்சிக்கென்று நடந்த ஆய்வல்ல. ஆனாலும் 12 மாதத்தில், ஆஸ்பத்திரிச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களின் நிலை ஓரளவு மேலாக இருந்தது. படித்த வைத்தியருக்காகக் காத்திருக்கும் நேரத்தில் ஊரிலுள்ள ஒருவரைப் பழக்கலாம் என்பதற்கு எனக்கு அது போதும்.

கர்ப்பிணிகளைப் பார்க்க மருத்துவமாது எங்கள் ஒழுங்கைகளுக்கெல்லாம் வந்து போகிறார். அதே ஒழுங்கையில், கிழமைக்கு ஒரு தரம், இந்த மகனுக்காகவும் ஒருவர் வர வேண்டும். சுளகை நடுவில் வைத்து, ஒரு மணிநேரம் அவனோடு உட்கார வேண்டும். அவன் உம்மாவுக்கும் அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.