துரைமார் தொடங்கிய பந்து, ஊர்ச்சனம் காப்பாற்றிய பந்து

சாயங்காலம் திடல் பக்கம் போனால் நம் பையன்கள் போட்டிருக்கும் சட்டையைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பாதிப் பேர் முதுகில் பார்சலோனா, மீதிப் பேர் முதுகில் ரியல் மாட்ரிட். ஸ்பெயின் நாட்டுக் காற்பந்து என்றாலே இந்த இரண்டு குழுக்கள்தான் என்று எண்ணிக் கொண்டிருக்கிறார்கள்.

"இந்த இரண்டுக்கும் மூத்த குழு எது, தம்பி?" என்று கேட்டுப் பாருங்கள். தலையைச் சொறிவான். பாவம், அவன் பேரில் குற்றமில்லை. அந்த மூத்த குழுவுக்கு விளம்பரம் இல்லை, கோடி கோடியாய்ப் பணமும் இல்லை. ஆனால் ஒரு கதை இருக்கிறது. கம்பெனிக்காரனிடம் கூலிக்கு உழைத்தவர்கள் கேட்க வேண்டிய கதை. அதனால்தான் இன்று இந்தப் பகுதியில் அதை எடுத்துக் கொண்டோம்.

பார்சலோனா பிறந்தது 1899-இல். ரியல் மாட்ரிட் 1902-இல். நாம் சொல்லும் குழு 1889-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாளே பிறந்துவிட்டது. அதன் பெயர் ரெக்ரியாத்திவோ தெ வெல்வா. ஊர்க்காரர்கள் செல்லமாக 'ரெக்ரே' என்பார்கள். ஸ்பெயின் முழுவதும் அதற்கு 'எல் தெகானோ' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. எல்லாருக்கும் மூத்தவர் என்று பொருள்.

சிவந்த ஆறும் செம்புச் சுரங்கமும்

ஸ்பெயினின் தென்மேற்கு மூலையில், போர்த்துகல் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது வெல்வா என்ற துறைமுகப் பட்டணம். கொலம்பஸ் 1492-இல் கப்பலேறியது இதற்கு அருகில் உள்ள பாலோஸ் என்ற சின்னத் துறையிலிருந்துதான். உள்நாட்டில், மலைப் பக்கமாக, ரியோ டின்டோ சுரங்கங்கள் இருக்கின்றன. அங்கே பிறந்து ஓடிவரும் ஆற்றின் தண்ணீர் சிவப்பாகவே இருக்கும். மண்ணில் அவ்வளவு இரும்பும் செம்பும் கந்தகமும். ரோமானியர் காலத்திலிருந்தே அங்கே சுரங்கம் வெட்டி வந்தார்கள்.

ஸ்பெயின் அரசாங்கத்துக்குக் கடன் தலைக்கு மேல் ஏறிப் போன காலம் ஒன்று வந்தது. 1873-இல் அந்தச் சுரங்கங்களை 9 கோடியே 28 லட்சம் பெசெத்தாவுக்கு விற்றுவிட்டார்கள். வாங்கியது லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனி. சுரங்கத்திலிருந்து வெல்வாவுக்கு ரயில் பாதை போட்டார்கள். கப்பலில் ஏற்ற ஆற்றுக்குள் நீண்டு போகும் பெரிய பாலமும் கட்டினார்கள். பொறியியலாளர், கணக்கர், மருத்துவர், மேலாளர் என்று வெள்ளைக்காரர்கள் வந்து இறங்கினார்கள்.

அப்புறம் என்ன நடந்திருக்கும் என்று நம் வாசகர்களுக்குச் சொல்லவும் வேண்டுமா? துரைமாருக்குத் தனிக் குடியிருப்பு. பெல்லா விஸ்தா என்று பெயர். அழகிய காட்சி என்று அர்த்தம். சுவர் கட்டி, காவல் போட்டு, உள்ளே பங்களா, தேவாலயம், மன்றம், விளையாட்டிடம். உள்ளூர்க்காரர்கள் வேலைக்கு வந்தால்தான் அந்தச் சுவரைத் தாண்ட முடியும். சுவருக்கு வெளியே சுரங்கத் தொழிலாளி, அவன் குடும்பம், பிறகு புகை.

புகைக்குப் பலியானவர்கள்

அந்தப் புகையைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பந்துக் கதையைச் சொல்ல முடியாது.

தாதுக்கல்லைப் பெரிய பெரிய குவியலாக அடுக்கி, கீழே விறகு வைத்து, திறந்த வெளியில் மாதக்கணக்கில் எரியவிடுவார்கள். கந்தகப் புகை கிளம்பும். காற்றில்லாத நாளில் அது மேலே போகாமல் கம்பளி போர்த்தியது மாதிரி ஊரை மூடிக் கொள்ளும். அதைக் கம்பளி என்றே ஊர்ச்சனம் சொன்னது. கண் எரியும், மூச்சு முட்டும், வயலில் பயிர் கருகும். புகையில் வேலை செய்ய முடியாத நாளுக்கு முழுச் சம்பளமும் கிடையாது. புகை கம்பெனியுடையது, நட்டம் தொழிலாளியுடையது!

1888-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் சுரங்கத் தொழிலாளிகளும் சுற்று வட்டாரத்து விவசாயிகளும் ஒன்று சேர்ந்து ஊர்வலம் போனார்கள். பெண்களும் பிள்ளைகளும்கூட வந்தார்கள். கேட்டது ஒன்றும் பெரிய சமாச்சாரமில்லை. திறந்த வெளியில் எரிப்பதை நிறுத்து. புகை நாளுக்கு முழுச் சம்பளம் கொடு. மருத்துவச் செலவென்று சம்பளத்தில் பிடிக்கும் பெசெத்தாவை விட்டுவிடு. பன்னிரண்டு மணி நேர வேலையைக் குறை.

ஊர் மன்றத்தின் முன்னால் சனம் கூடி நின்றது. வந்திருந்த பட்டாளம் கூட்டத்தை நோக்கிச் சுட்டது. அரசாங்கக் கணக்கில் செத்தவர்கள் 13 பேர். ஊர்ச்சனம் நம்பிய கணக்கு நூறைத் தாண்டியது. இன்றும் அந்தப் பகுதி மக்கள் அந்த வருஷத்தைத் 'துப்பாக்கிச் சூட்டு ஆண்டு' என்றுதான் சொல்கிறார்கள்.

இது நடந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. வெல்வா பட்டணத்தில், அதே கம்பெனியைச் சேர்ந்தவர்கள் ஒரு விளையாட்டு மன்றம் தொடங்கக் கூடினார்கள்.

மருத்துவர் போட்ட விதை

கூடிய இடம் பெரிய மனிதர்கள் தங்கும் கொலோன் ஓட்டல். முன்னின்று நடத்தியவர் வில்லியம் அலெக்சாண்டர் மக்காய் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். கம்பெனி மருத்துவராக வந்தவர். உடம்பு நன்றாக இருக்க வேண்டுமானால் ஓடியாடி விளையாட வேண்டும் என்பது அவருடைய கொள்கை. பட்டணத்து மக்களுக்கும் மருத்துவம் பார்த்து நல்ல பெயர் எடுத்தவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒருவர் கம்பெனிக்காரர் என்பதாலேயே அவர் செய்த நல்லதை மறைப்பது நியாயமில்லை.

மன்றத்துக்கு அவர்கள் வைத்த பெயர் முழு ஆங்கிலத்தில் இருந்தது: வெல்வா ரிக்ரியேஷன் கிளப். காற்பந்து, டென்னிஸ், கிரிக்கெட் எல்லாம் உண்டு. ஆனால் பந்துதான் நிலைத்தது.

அடுத்த ஆண்டு, 1890 மார்ச் 8-ஆம் நாள், வெல்வாக் குழுவினர் செவில்லா பட்டணத்துக்குப் போனார்கள். அங்கேயும் வெள்ளைக்காரர்கள் சேர்ந்து சனவரியில்தான் ஒரு குழு அமைத்திருந்தார்கள். குதிரைப் பந்தயத் திடலில் ஆட்டம் நடந்தது. ஸ்பெயின் மண்ணில் இரண்டு குழுக்கள் முறைப்படி மோதிய முதல் ஆட்டம் அதுதான் என்கிறார்கள். செவில்லா 2-0 என்று வென்றது. மூத்தவர் முதல் ஆட்டத்திலேயே தோற்றார்!

அந்த ஆட்டத்தில் வெல்வா அணியில் ஆடிய பதினொரு பேரில் இரண்டே இரண்டு பேர்தான் ஸ்பெயின்காரர்கள். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். காலம் போகப் போக இந்தக் கணக்குத் தலைகீழானது. பட்டணத்துப் பையன்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். பார்த்ததை ஆடினார்கள். கொஞ்ச காலத்தில் குழுவே அவர்களுடையதாயிற்று. ஆங்கிலப் பெயர் ஸ்பானியப் பெயராயிற்று. நீலமும் வெள்ளையுமாகக் கோடு போட்ட சட்டை ஊரின் அடையாளமாயிற்று.

சுரங்கத்தில் மட்டும் பழைய கதைதான். 1920-இல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம். பிள்ளைகள் பட்டினி கிடக்கக் கூடாதென்று பெற்றோர் அவர்களை வேறு ஊர்த் தொழிலாளர் வீடுகளுக்கு அனுப்பி வைத்தார்கள். கடைசியில் 1954-இல் சுரங்கம் ஸ்பெயின்காரர் கைக்குத் திரும்பியது. துரைமார் கப்பலேறினார்கள். அவர்கள் கொண்டுவந்த பந்து மட்டும் திரும்பிப் போகவில்லை.

ஏற்றமும் இறக்கமும்

மூத்தவர் என்ற பெருமை இருக்கிறதே தவிர, ரெக்ரே அள்ளிக் குவித்த கோப்பை என்று ஒன்றும் பெரிதாக இல்லை. ஸ்பெயினில் தேசிய லீக் ஆட்டம் 1929-இல் தொடங்கியது. முதல் பிரிவில் காலெடுத்து வைக்க ரெக்ரேவுக்கு 1978 வரை ஆயிற்று. ஏறிய ஒரே பருவத்தில் இறங்கியும் விட்டது.

2002-இல் மறுபடி ஏறியது. அந்தப் பருவத்தில் ஒரு வேடிக்கை பாருங்கள். லீக் ஆட்டத்தில் தோற்றுத் தோற்றுக் கீழே இறங்கிய அதே குழு, மன்னர் கோப்பையில் இறுதியாட்டம் வரை போனது. 2003 சூன் மாதம் நடந்த அந்த இறுதியாட்டத்தில் மயோர்க்கா 3-0 என்று வென்றுவிட்டது.

2006-இல் மூன்றாம் முறை முதல் பிரிவு. அந்த ஆண்டு டிசம்பர் 20-ஆம் நாள் மாட்ரிட் பட்டணத்தில் ரியல் மாட்ரிடை எதிர்த்து ஆட்டம். ஆட்டம் பார்க்க வெல்வாவிலிருந்து கிளம்பிய பேருந்து ஒன்று வழியில் விபத்துக்குள்ளாகி, ரசிகர்கள் சிலர் இறந்து போனார்கள். அந்தத் துக்கத்தோடு திடலில் இறங்கினார்கள் ரெக்ரே ஆட்டக்காரர்கள். சினாமா பொங்கோல், உச்சே, வீக்கேரா ஆளுக்கொரு கோல். உலகமே அண்ணாந்து பார்க்கும் குழுவை அதன் சொந்தத் திடலில் 3-0 என்று அடித்துவிட்டுத் திரும்பினார்கள். ஆனால் திரும்பி வந்த ஊரில் கொண்டாட ஆளில்லை, அழுகைதான் இருந்தது. அந்தப் பருவத்தில் எட்டாவது இடம். ரெக்ரேயின் வரலாற்றிலேயே உயர்ந்த இடம் அதுதான்.

பெரியவர் படுத்த படுக்கையான நாள்

2009-இல் மறுபடி இறங்கினார்கள். அதற்குப் பிறகு இறக்கத்தின் மேல் இறக்கம். 2015-இல் மூன்றாம் தரப் பிரிவுக்கே போய்விட்டார்கள்.

அது மட்டுமா? குழுவின் பங்குகளில் பெரும்பகுதி ஒரு தனியார் நிறுவனத்தின் கையில் இருந்தது. வரிப் பாக்கி, தொழிலாளர் காப்பீட்டுப் பாக்கி, ஆட்டக்காரர்களுக்குச் சம்பளப் பாக்கி. மாதக்கணக்கில் சம்பளம் வாங்காமலேயே பையன்கள் பந்தாடினார்கள். கடனைக் கட்டாவிட்டால் குழுவையே கலைத்துவிட வேண்டிய நிலை. நூற்றிருபத்தைந்து வருஷத்தைத் தாண்டிய பெரியவருக்குச் சாவு நெருங்கிவிட்டது என்றே எல்லாரும் பேசினார்கள்.

அப்போதுதான் ஊர்ச்சனம் எழுந்தது. ரசிகர்கள் சங்கமாகக் கூடினார்கள். தெருவில் இறங்கினார்கள். "இது முதலாளி ஒருவனுடைய சரக்கா, இல்லை எங்கள் ஊர்ச் சொத்தா?" என்று கேட்டார்கள். 2016 சூன் மாதம் வெல்வா நகராட்சி ஒரு துணிச்சலான காரியத்தைச் செய்தது. பாதை போட நிலத்தை எடுத்துக் கொள்கிறார்களே, அது மாதிரி, பொது நன்மைக்கென்று சொல்லிக் குழுவின் பங்குகளை அந்த நிறுவனத்திடமிருந்து எடுத்துக் கொண்டது. அந்தலூசியா மாநில அரசும் அந்தக் காலத்திலேயே ரெக்ரேவைப் பண்பாட்டுச் செல்வம் என்று அறிவிக்கும் காரியத்தில் இறங்கியது. பழைய கோயிலுக்கும் கோட்டைக்கும் கொடுக்கும் மரியாதை ஒரு பந்துக் குழுவுக்குக் கிடைத்தது.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். 2021-இல் ரெக்ரே ஐந்தாம் படிக்கு விழுந்தது. ஒரு காலத்தில் ரியல் மாட்ரிடை வென்றவர்கள் சின்னஞ்சிறு ஊர்க் குழுக்களோடு ஆட வேண்டியதாயிற்று. ஆனாலும் சனம் கைவிடவில்லை. 2022-இல் ஒரு படி ஏறினார்கள். 2023-இல் இன்னொரு படி.

யாருடைய பந்து?

நாம் இந்தக் கதையைப் படித்து முடித்தபோது நினைவில் நின்றது அந்தச் சுவர்தான். பெல்லா விஸ்தாவின் சுவர். அதற்குள் இருந்தவர்கள் தங்கள் பொழுதுபோக்குக்காகக் கொண்டுவந்த ஒன்றை, வெளியே நின்றவர்கள் தங்களுடையதாக்கிக் கொண்டார்கள். பத்திரம் எழுதி வாங்கவில்லை. ஆடி ஆடி வாங்கினார்கள். தோற்ற நாளிலும் போய் நின்று வாங்கினார்கள். பேருந்தில் போய் உயிரைக் கொடுத்தும் வாங்கினார்கள். அதனால்தான் 2016-இல் "இது எங்களுடையது" என்று அவர்கள் சொன்னபோது, யாராலும் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

கம்பெனி வரும், கம்பெனி போகும். பங்கு கைமாறும், பெயர்ப்பலகை மாறும். ஒரு திடலில் தலைமுறை தலைமுறையாக யார் கூடி நின்றார்களோ, அவர்கள் வாய் திறந்து கேட்டால்தான் அது அவர்களுக்கு நிலைக்கும். வெல்வாக்காரர்கள் கேட்டார்கள். கிடைத்தது.

அடுத்த முறை திடலில் பையன்கள் பார்சலோனா, மாட்ரிட் என்று சண்டை போட்டால், பக்கத்தில் உட்கார்ந்து இந்தப் பெரியவர் கதையையும் கொஞ்சம் சொல்லி வையுங்கள்.