ஒரே கணினியில் பல மேகங்கள்

கணினித் தொழிலை நாடிப் பெங்களூரிலும் ஐதராபாத்திலும் புனேயிலும் குடியேறியுள்ள நம் இளைஞர்கள் நாள்தோறும் புழங்கும் சொல் 'கிளவுட்' என்பது. எங்கோ இருக்கும் கணினிகளை வாடகைக்கு எடுத்து இணையத்தின் வழியே ஆள்வதே அது. அமேசானின் சேமிப்புச் சேவை 2006இல் தொடங்கியது. மும்பையில் அதன் நிலையம் 2016இல் அமைந்தது. வாடகை என்றால் கட்டணம் உண்டன்றோ? எழுதிப் பழகும் நிரலுக்கெல்லாம் பணம் செலுத்த மனம் வராது. ஆதலின் அச்சேவையைப் போலவே விடையளிக்கும் எமுலேட்டர் ஒன்றைத் தம் கணினியிலேயே இயக்கிக்கொள்கின்றனர். அமேசானுக்கு லோக்கல்ஸ்டாக்கும் மைக்ரோசாப்டின் அசூர் சேமிப்புக்கு அசூரைட்டும் இவ்வகையின.

ஒன்று இயங்கும் வரையில் தொல்லையில்லை. இரண்டாவது வேலைக்கும் ஒன்று வேண்டும்போதுதான் சிக்கல் எழுகிறது. லோக்கல்ஸ்டாக் 4566 என்னும் போர்ட்டில் காத்திருக்கும். ஒரு வாசலை இருவர் தமதென்று கொள்ள இயலாது. இரண்டாவது தொடங்காமலே நின்றுவிடும். வெளிவாசலை மட்டும் 4567 என மாற்றி, உள்ளே 4566ஆகவே விட்டுவிடலாம். இது எளிது, பிழை உடனே கண்ணுக்குத் தெரிவதால் அஞ்சத்தக்கதும் அன்று.

அஞ்சத்தக்கது பெயர்க் குழப்பமே. இவ்வெமுலேட்டர்களைப் பெரும்பாலும் டாக்கர் கன்டெய்னர்களாக இயக்குகிறோம். டாக்கர் கம்போஸ், நாம் வேறு பெயர் சொல்லாவிடில், கோப்புறையின் பெயரையே வேலையின் பெயராகக் கொள்ளும். ஒரே நிரலின் இரு படிகளை வெவ்வேறு இடங்களில், 'ஆப்' என்னும் ஒரே பெயருள்ள கோப்புறைகளில் வைத்திருப்பதாகக் கொள்வோம். இரண்டாவதைத் தொடங்கினால் அது முதலாவதன் கன்டெய்னரைத் தனதென்று எண்ணி மாற்றியமைத்துவிடும். சேமிப்புத் தொகுதிகளையும் சேர்த்து அழிக்கும் கட்டளையை ஓரிடத்தில் இட்டால், மற்றதன் தரவும் போய்விடும். பல நாள் உழைத்துச் சேர்த்த சோதனைத் தரவு இவ்வாறு மறைவதற்கு ஒரு நொடி போதும். ஒவ்வொரு வேலைக்கும் தனிப்பெயரை அமைப்புக் கோப்பிலேயே எழுதி வைப்பது நலம். அவ்வாறு செய்தால் வலையமைப்பும் சேமிப்புத் தொகுதியும் தாமே பிரிந்து நிற்கும்.

முழுத் தனிமை எப்போதும் தேவையென்று நாம் கருதவில்லை. இயங்கும் ஒவ்வொன்றும் நினைவகத்தை உண்கிறது. லோக்கல்ஸ்டாக்கில் 12 இலக்க எண்ணொன்றை அணுகு சாவியாகக் கொடுத்தால் அதுவே கணக்கு எண்ணாகும். ஒரே கன்டெய்னருக்குள் இரு கணக்குகள் தனித்தனியே வாழும். சிறு வேலைகளுக்கு இதுவே சாலும்.

இனி, பணத்தைத் தொடும் செய்தி ஒன்று. எமுலேட்டரின் முகவரியைக் கட்டளைக்குச் சொல்ல மறந்தால், அது மெய்யான அமேசானையே தேடிச் செல்லும். மெய்ச் சாவிகள் அக்கணினியில் இருந்தால், சோதனைக்கென்று இட்ட அழிப்புக் கட்டளை அலுவலகத்தின் மெய்த் தரவை அழிக்கக்கூடும். எமுலேட்டருக்கோ மெய்ச் சாவி வேண்டுவதில்லை. 'டெஸ்ட்' என்னும் சொல்லே போதும். வேலை செய்யும் திரையில் அப்பொய்ச் சாவியை மட்டும் வைத்திருந்தால், வழிதவறிய கட்டளையை அமேசான் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

லோக்கல்ஸ்டாக்கை நிறுத்தினால் உள்ளிருந்தவை இயல்பாக அழிந்துவிடும் என்பதைக் குறையாகக் கூறுவோர் உளர். வேண்டிய வாளிகளையும் அட்டவணைகளையும் மீண்டும் படைக்கும் சிறு நிரலொன்றை எழுதி வைத்துக்கொண்டவர்க்கு அது குறையே அன்று. காலையில் தொடங்கும்போது அந்நிரல் ஒருமுறை ஓடினால், எல்லாம் முன்போல் அமைந்துவிடும்.