சென்சார் புதுசு... விளக்கு மட்டும் ஏன் அணையவில்லை?

டயர் பிரஷர் சென்சாரை மாற்றிய பிறகும் மஞ்சள் விளக்கு மிரட்டுகிறதா? இன்னொரு சென்சார் வாங்குவதற்கு முன் இதைப் படியுங்கள்.

நான்கு டயரும் புதுசு. பழைய சென்சாரில் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று கடையில் சொன்னதால் அதையும் மாற்றியாகிவிட்டது. பில் கட்டி, வண்டியை எடுத்து, மெயின் ரோட்டைத் தொடுவதற்குள் டேஷ்போர்டில் மறுபடி அதே மஞ்சள் விளக்கு. லாடம் போன்ற வளைவு, நடுவில் ஓர் ஆச்சரியக்குறி.

திரும்பிப் போய்க் கேட்டால், "கொஞ்சம் ஓட்டிப் பாருங்க சார், தானா போயிடும்" என்பார்கள். சில கார்களில் அது உண்மை. இரண்டு நாள் ஓட்டியும் போகவில்லை என்றால், "பீஸ் ஃபால்ட்டு சார், வேற போட்டுடலாம்" என்பார்கள். பல நேரங்களில் அது உண்மையல்ல. புதுச் சென்சாரை ரிம்மில் மாட்டுவது பாதி வேலைதான். அதைக் காருக்கு அறிமுகம் செய்து வைப்பது மீதி வேலை. தொல்லை பெரும்பாலும் இந்த இரண்டாவது பாதியில்தான் இருக்கும்.

ஒரு விபத்துத் தொடரில் பிறந்த சட்டம்

டிபிஎம்எஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த டயர் அழுத்தக் கண்காணிப்பு, 1980-களில் போர்ஷே 959 போன்ற விலை உயர்ந்த கார்களில்தான் இருந்தது. சாதாரணக் காருக்கு அதை இறக்கிக்கொண்டு வந்தது அமெரிக்காவின் ஃபயர்ஸ்டோன் விவகாரம். ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஓட்டத்தின்போதே டயரின் மேல்பட்டை பிரிந்து, வண்டி உருண்டு, உயிர்ச் சேதம் தொடர்ந்தது. 2000 ஆகஸ்டில் சுமார் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் 'ட்ரெட்' சட்டம் வந்தது. அதன்படி 2008 மாடல் ஆண்டு முதல் அங்கே எல்லா இலகு ரக வாகனங்களிலும் டிபிஎம்எஸ் கட்டாயம். ஐரோப்பாவில் 2014 நவம்பர் முதல் எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயம்.

நம் நாட்டில் நிலைமை வேறு. டியூப்லெஸ் டயர், பஞ்சர் கிட், டிபிஎம்எஸ் மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி இல்லாமலே காரை விற்கலாம் என்று 2020 ஜூலையில் மத்திய அரசு விதியைத் திருத்தியது. சென்சார் வைத்த கார்கள் தெருவுக்கு வந்துவிட்டன. அவற்றைக் கையாளும் கருவி எல்லா டயர் கடைக்கும் இன்னும் வந்து சேரவில்லை.

உங்கள் காரில் சென்சார் இருக்கிறதா?

கேலிக் கேள்வி அல்ல. டிபிஎம்எஸ் இரண்டு வகை. முதல் வகையில், ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் வால்வோடு சேர்ந்து ஒரு சிறு பெட்டி உட்கார்ந்திருக்கும். காற்றழுத்தத்தை அளந்து ரேடியோ அலையில் காருக்கு அனுப்பும். இரண்டாவது வகையில் டயருக்குள் எதுவுமே கிடையாது. காற்று குறைந்த டயரின் ஆரம் கொஞ்சம் சுருங்கும். அதனால் மற்றவற்றைவிடச் சற்று வேகமாகச் சுற்றும். அந்த வித்தியாசத்தை ஏபிஎஸ் பிரேக்குக்காக ஏற்கெனவே இருக்கும் சக்கர வேக சென்சார்களை வைத்தே கணினி கண்டுபிடித்துவிடும்.

டேஷ்போர்டில் ஒவ்வொரு டயருக்கும் தனித்தனியாக பிஎஸ்ஐ எண் தெரிந்தால் உங்களுடையது பெரும்பாலும் முதல் வகை. வெறும் விளக்கு மட்டும் என்றால் எதுவாகவும் இருக்கலாம். காரோடு வந்த கையேட்டைப் பாருங்கள். இரண்டாவது வகை என்றால் மாற்றச் சென்சாரே இல்லை. டயர் மாற்றினாலும், இடம் மாற்றிப் போட்டாலும், காற்று நிரப்பினாலும் 'ரீசெட்' கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நான்கு டயரிலும் சரியான காற்றை வைத்த பிறகே ரீசெட் கொடுங்கள். இருபத்தைந்தில் வைத்துக்கொண்டு ரீசெட் அழுத்தினால், அதையே சரியான அளவு என்று கார் நம்பிவிடும்.

மின்னுகிறதா, நிலையாக எரிகிறதா?

இனி, சக்கரத்துக்குள் சென்சார் உள்ள கார்கள். இக்னிஷனைப் போட்டவுடன் விளக்கைக் கவனியுங்கள். ஒரு நிமிடம் முதல் ஒன்றரை நிமிடம் வரை மின்னிவிட்டு, பிறகு நிலையாக எரிந்தால், 'எனக்கு ஒரு சென்சாரிடமிருந்து தகவல் வரவில்லை' என்று கார் சொல்கிறது. மின்னாமல் நேராக எரிந்தால் சென்சார் நன்றாகவே வேலை செய்கிறது, காற்றுதான் குறைவு. அமெரிக்க விதியில் எழுதப்பட்ட இந்த வித்தியாசத்தைத்தான் பல கார்கள் பின்பற்றுகின்றன. வேறு சில மாடல்களில் எண்ணுக்குப் பதில் வெறும் கோடுகள் தெரியும். வண்டி எடுத்த சில நிமிடங்களுக்குக் கோடு தெரிவது சகஜம். நின்றிருக்கும்போது பேட்டரியை மிச்சப்படுத்தச் சென்சார் தூங்கிவிடும், சக்கரம் சுழன்றால்தான் விழிக்கும்.

நிலையாக எரிகிறது என்றால், ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவைப் பார்த்து, டயர் ஆறிய நிலையில் காற்றை வையுங்கள். அமெரிக்க விதிப்படி, குறித்த அளவில் கால் பங்கு குறைந்தால் எச்சரிக்கை வர வேண்டும். 33 வைக்க வேண்டிய டயர் 25-க்கு அருகே இறங்கினால் விளக்கு எரியும் என்று கணக்கு. நிரப்பிய பிறகும் மறுநாள் இறங்கியிருந்தால், புது வால்வின் அடியிலும் நுனியிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கோளாறு மின்னணுவில் இல்லை, ரப்பர் வளையத்திலோ வால்வு பின்னிலோ.

மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். சராசரியாக 6 டிகிரி செல்சியஸ் குளிர்ந்தால் 1 பிஎஸ்ஐ குறையும். அடிவாரத்தில் 35 டிகிரி வெயிலில் 33 வைத்துக்கொண்டு கொடைக்கானல் ஏறி, மறுநாள் காலை 12 டிகிரி குளிரில் காரை எடுத்தால் டேஷ்போர்டு 29 என்று காட்டலாம். அங்கேயே கையடக்கக் காற்றழுத்தமானியை வைத்துப் பார்த்தால் 32-க்கு மேல் காட்டும்! இரண்டுமே பொய் சொல்லவில்லை. பெரும்பாலான சென்சார்கள் டயருக்குள் இருக்கும் மொத்த அழுத்தத்தை அளக்கின்றன. அதிலிருந்து கடல்மட்டக் காற்றழுத்தத்தைக் கழித்துக் காட்டும் கார், இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் வெளிக்காற்று மெலிந்திருப்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. சில கார்கள் இதைத் திருத்திக்கொள்ளும். எப்படியானாலும், சென்சாரை மாற்றிய வாரத்தில் மலை ஏறிவிட்டு அதன்மேல் பழி போட வேண்டாம்.

ஐந்து கேள்விகள்

விளக்கு மின்னினால், இந்த வரிசையில் கேளுங்கள்.

ஒன்று, சென்சார் விழித்திருக்கிறதா? கடைக்கு வரும் புதுச் சென்சார்கள் பலவும் உறக்க நிலையில்தான் பெட்டிக்குள் இருக்கும். 125 கிலோஹெர்ட்ஸ் அலை அனுப்பும் கைக்கருவியைக் காட்டி எழுப்ப வேண்டியவை உண்டு. காற்று ஏறி வண்டி ஓடியதும் தானே விழிப்பவையும் உண்டு.

இரண்டு, அலைவரிசை சரிதானா? அமெரிக்கச் சந்தைக்கான சென்சார்களில் பல 315 மெகாஹெர்ட்ஸ். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் புழங்குபவை 433 மெகாஹெர்ட்ஸ். பார்வைக்கு இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்கும். ஆன்லைனில் விலை குறைவு என்று வாங்கியது 315 ஆக இருந்தால், அது வாழ்நாள் முழுக்கக் கத்தினாலும் உங்கள் காரின் காதில் விழாது. பெட்டியில் பொருந்தும் மாடல் பெயர் மட்டும் இருந்தால் போதாது. அலைவரிசையும் பொருந்த வேண்டும்.

மூன்று, காருக்கு அதன் எண் தெரியுமா? ஒவ்வொரு சென்சாருக்கும் தனி அடையாள எண் உண்டு. பக்கத்தில் நிற்கும் காரின் டயரைத் தன்னுடையதென்று நினைத்துவிடாமலிருக்க, கார் தன்னிடம் பதிவான எண்களை மட்டுமே கேட்கும். புது எண்ணைப் பதிவதில் மூன்று முறைகள் உள்ளன. சில கார்கள் பத்து இருபது நிமிடம் ஓடினால் தானே கற்றுக்கொள்ளும். சிலவற்றில் காரைக் 'கற்கும் நிலை'க்குக் கொண்டுபோய், முன் இடது சக்கரத்தில் தொடங்கி வரிசையாக ஒவ்வொரு வால்வருகிலும் கருவியைக் காட்ட வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் ஒவ்வொன்றையும் ஏற்றதற்கு ஹாரன் ஒரு சத்தம் கொடுக்கும். மூன்றாவது, ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் ஸ்கேனரைச் சொருகி எண்களை நேரடியாக எழுதுவது. டொயோட்டாவின் பல மாடல்களில் இதுதான் வழி. மூன்றாவது வகைக் காரை வைத்துக்கொண்டு, தானா போயிடும் என்று கன்னியாகுமரி வரை ஓட்டினாலும் விளக்கு போகாது.

நான்கு, பழைய சென்சார்கள் எங்கே? எண்ணே பதியப்படாத வெற்றுச் சென்சாரை வாங்கி, பழையதன் எண்ணை அதில் நகலெடுத்துப் போடும் வசதி உண்டு. காருக்கு ஆள் மாறியதே தெரியாது. பதிவு வேலை மிச்சம். ஆனால் ஒரே எண்ணைத் தவறுதலாக இரண்டு சென்சாரில் ஏற்றிவிட்டால் குழப்பம்தான். அதேபோல, கழற்றிய பழைய சக்கரங்களை டிக்கியிலேயே போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகும் வழியில் கார் தானே கற்க முயன்றால், டிக்கியிலிருந்து வரும் பழைய குரலும் சேர்ந்து கேட்கலாம்.

ஐந்து, ஸ்டெப்னி மாட்டியிருக்கிறீர்களா? பல கார்களில் ஸ்டெப்னிக்குச் சென்சாரே வைப்பதில்லை. அதை மாட்டிய நேரத்தில் விளக்கு மின்னுவது கோளாறு அல்ல, கடமை.

தவறு யார் பக்கம்?

இத்தனைக்கும் விடை தரும் ஒரு சோதனை இருக்கிறது. டிபிஎம்எஸ் டூல் என்னும் அந்தக் கைக்கருவியை வால்வுக்கு அருகே டயர் பக்கவாட்டில் பிடித்துப் பொத்தானை அழுத்தினால், சில நொடிகளில் அதன் திரையில் சென்சாரின் எண், காற்றழுத்தம், வெப்பநிலை ஆகியவை வரும். பேட்டரி நிலையையும் சேர்த்துச் சொல்லும் சென்சார்கள் உண்டு. நான்கு சக்கரத்துக்கும் ஐந்து நிமிட வேலை.

கருவிக்குப் பதில் வருகிறது, அலைவரிசையும் பொருந்துகிறது, காருக்கு மட்டும் பதில் இல்லை என்றால் சென்சாரில் தவறில்லை. பதிவு விட்டுப்போயிருக்கிறது, அல்லது காரின் ரிசீவர் பக்கம் சிக்கல். பின்னால் சேர்த்த மலிவு விலை மொபைல் சார்ஜர், டேஷ்கேம், எல்இடி விளக்கு போன்றவை எழுப்பும் இரைச்சலில் சென்சாரின் மெல்லிய சிக்னல் மூழ்கிப்போவதும் நடக்கிறது. அவற்றைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் செலவு ஏதுமில்லை.

கருவிக்கும் பதில் வரவில்லை என்றால் சக்கரத்தைக் கால் சுற்று உருட்டி மறுபடி முயல வேண்டும். அப்போதும் மௌனம் என்றால்தான் டயரை இறக்குவது. அப்படி இறக்கும்போது உடைந்த சென்சார் கிடைத்தால் ஆச்சரியப்பட வேண்டாம். டயர் விளிம்பை ரிம்மிலிருந்து பிரிக்கும் மெஷினின் தட்டு, வால்வு இருக்கும் இடத்தில் அழுத்தினால் சென்சார் நொறுங்கிவிடும். தெரிந்த கைகள் வால்வை எதிர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் பெடலை மிதிக்கும்.

சிறு சாமான்கள், பெருந்தொல்லை

அலுமினிய வால்வு வைத்த சென்சார்களில் இன்னொரு பிரச்னை. உள்ளே போகும் வால்வு பின் நிக்கல் பூசியதாக இருக்க வேண்டும். பஞ்சர் கடை டப்பாவில் கிடக்கும் சாதாரணப் பித்தளைப் பின்னைப் போட்டால், அலுமினியமும் பித்தளையும் ஈரத்தில் சேர்ந்து அரித்து ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற உப்புக்காற்று ஊர்களில் இது சீக்கிரம் நடக்கும். அப்புறம் பின்னைத் திருகினால் வால்வே முறியும். அழகுக்காகப் போடும் உலோக மூடிக்கும் இதே கதை. பிளாஸ்டிக் மூடியே போதும். டயரைக் கழற்றும்போதெல்லாம் வால்வு அடியில் உள்ள ரப்பர் வளையம், நட்டு, பின், மூடி நான்கையும் புதிதாகப் போடுவது முறை. அந்த நட்டை இறுக்கத் தேவையானது மிகச் சிறிய விசை. ஸ்பானரில் உடல் பலத்தைக் காட்டினால் விரிசல்தான். பஞ்சரை அடைக்க ஊற்றும் திரவமும் சென்சாரின் துளையை அடைக்கக்கூடும். சென்சாருக்கு ஏற்றது என்று எழுதியிருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

ஒரு சென்சாரில் மட்டும் பேட்டரி தீர்ந்து போனால் நான்கையும் மாற்ற வேண்டுமா? பேட்டரி பிசினுக்குள் புதைந்திருப்பதால் தனியாக மாற்ற முடியாது. ஆயுள் சுமார் 5 முதல் 10 ஆண்டு. வண்டி ஏழெட்டு வயதைத் தாண்டி, டயரும் மாற்றும் நேரம் என்றால் நான்கையும் மாற்றுவது புத்திசாலித்தனம். டயரை மீண்டும் மீண்டும் இறக்கி ஏற்றும் கூலி மிச்சம். மூன்று வயது வண்டியில் ஒன்று போனதற்கு நான்கையும் மாற்றச் சொன்னால் காரணம் கேளுங்கள்.

பில் கட்டுவதற்கு முன்

டயரை மாட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு புதுச் சென்சாரையும் கருவியில் ஒருமுறை படித்துக் காட்டச் சொல்லுங்கள். நான்கு எண்களையும், எது எந்தச் சக்கரம் என்பதோடு, பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வேலை முடிந்ததும் ஒரு டயரில் கொஞ்சம் காற்றை இறக்கி, டேஷ்போர்டில் அதே டயரின் எண் குறைகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி நிரப்பச் சொல்லுங்கள். முன் டயரில் இறக்கியதற்குப் பின் டயர் எண் குறைந்தால், இடம் மாறிப் பதிவாகியிருக்கிறது; அங்கேயே திருத்திவிடலாம்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முந்திய கேள்வி ஒன்று உண்டு. சென்சார் என்ன விலை என்று விசாரிப்பதற்கு முன், 'உங்ககிட்ட டிபிஎம்எஸ் டூல் இருக்கா?' என்று கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் சென்சாரை அந்தக் கடையில் மாற்ற வேண்டாம்.