கடற்காப்பகமும் கரைவாழ் மக்களும்

கடலின் ஒரு பகுதிக்கு எல்லை வகுத்து, அங்கு வாழும் உயிர்களைச் சட்டத்தின் துணையால் பேணுவதற்கென ஒதுக்கப்படும் இடமே கடற்காப்பகம் எனப்படும். பவளப்பாறைகள் சிதைவதையும் மீன்வளம் குன்றுவதையும் அறிந்த எவரும் இதனைத் தேவையற்றது என்று கூறத் துணியார். ஆயின், அந்த எல்லையை வகுப்பவர் யார், எவருடைய சொல்லைக் கேட்டபின் அது வகுக்கப்படுகிறது என்னும் வினாக்கள் எளிதில் மறக்கப்படுகின்றன. திட்டமிடும் காலத்திலேயே கரைவாழ் மக்களுடன் கலந்தாய்வது அவர்களுக்கு அளிக்கும் சலுகையன்று. காப்பகம் நிலைபெறுவதற்கே அது அடிப்படையாகும். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. மன்னார் வளைகுடாவின் அனுபவம்

பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட கடலில் 21 தீவுகள் கரையை ஒட்டி வரிசையாக அமைந்திருந்தன. இவற்றையும் சூழ்ந்துள்ள நீர்ப்பரப்பையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழ்நாடு அரசு 1986ஆம் ஆண்டில் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. 1989இல் இப்பூங்காவை மையமாகக் கொண்டு 10,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள உயிர்க்கோளக் காப்பகமும் அமைக்கப்பட்டது. காக்கவேண்டிய தேவை உண்மையானதே. பவளக்கற்கள் வெட்டியெடுக்கப்பட்டதும் ஒரு காரணமாக, அத்தீவுகளுள் இரண்டு நீரில் மூழ்கிவிட்டன.

ஆனால், அதே தீவுகளைச் சுற்றிக் கரையூர்ப் பெண்கள் பாசி எடுத்துப் பிழைத்து வந்தனர். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி மூழ்கி, பாறைகளில் வளர்ந்துள்ள பாசியைக் கையால் பறித்து, உடலோடு கட்டிய வலைப்பையில் சேர்ப்பது அவர்கள் தொழில். 2000ஆம் ஆண்டுக்குப்பின் காவல் கடுமையானபோது, தாங்கள் அறிந்த கடலிலேயே அவர்கள் அத்துமீறி நுழைந்தவர்களாகக் கருதப்பட்டனர்.

இதன்பின் நிகழ்ந்ததே நாம் கவனிக்கத்தக்கது. அப்பெண்கள் தங்களுக்குள் கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள்கள் மட்டுமே பாசி எடுப்பதென முடிவு செய்தனர். மீன்பிடித் தடைக்காலத்தில் தாங்களும் தொழிலை நிறுத்துவதென உடன்பட்டனர். இக்கட்டுப்பாட்டை எந்த அதிகாரியும் விதிக்கவில்லை. எல்லை வகுத்த காலத்திலேயே இவர்கள் அழைக்கப்பட்டிருப்பின், இத்தகைய விதிகள் காப்பகத்தின் விதிகளாகவே அமைந்திருக்கக்கூடும் அன்றோ?

2. சட்டத்தில் நேர்ந்த மாற்றம்

இந்நிலைக்குச் சட்டத்தின் அமைப்பும் ஒரு காரணமாகும். 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சரணாலயத்தில் மக்களின் சில உரிமைகள் தொடர மாவட்ட ஆட்சியர் இசைவளிக்கலாம். தேசியப் பூங்காவுக்கோ அந்த விதி பொருந்தாது. இச்சட்டம் காட்டை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. கடலுக்கு வேலி இல்லை என்பதை அது எண்ணவில்லை.

1991ஆம் ஆண்டுத் திருத்தம் இக்குறையை ஓரளவு நீக்கியது. கடற்பகுதியைச் சரணாலயத்துடன் சேர்க்கும்போது, உள்ளூர் மீனவரின் தொழில் நலன்களைக் காப்பதற்குப் போதிய நடவடிக்கை எடுத்தபின்னரே எல்லை வகுக்கவேண்டும் என்று அது கூறிற்று. மன்னார் வளைகுடாப் பூங்கா அறிவிக்கப்பட்டு அப்போது ஐந்து ஆண்டுகள் கடந்திருந்தன. 2002ஆம் ஆண்டுத் திருத்தம் ‘பாதுகாப்புக் காப்பகம்’ என்னும் புதிய வகையை ஏற்படுத்தி, அதனை அறிவிக்குமுன் உள்ளூர் மக்களுடன் கலந்தாய்வதைக் கட்டாயமாக்கியது. பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் கடற்பசுவுக்கென 2022இல் அறிவிக்கப்பட்ட காப்பகம் இவ்வகையைச் சார்ந்ததாகும்.

எனினும், இங்கும் ஒரு குறை உண்டு. அத்திருத்தம் வகுத்த மேலாண்மைக் குழுவில் ஊராட்சிகளின் பிரதிநிதிகளுக்கும், வேளாண்மை, கால்நடைத் துறையினருக்கும் இடமுண்டு. மீன்வளத்துறையோ மீனவரோ பெயர் சுட்டிக் குறிக்கப்படவில்லை. மேலும், அக்குழு ஆலோசனை கூறலாமேயன்றி முடிவு செய்ய இயலாது.

3. ஆப்போ தீவு தரும் பாடம்

மக்கள் முன்னரே கலந்துகொண்டால் விளைவது யாது என்பதற்குப் பிலிப்பைன்ஸ் நாட்டின் ஆப்போ தீவு சான்றாகும். பிரெஸ்பிட்டேரியன் மிஷனெரிமாரால் 1901இல் தொடங்கப்பட்ட சில்லிமன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த உயிரியல் அறிஞர் ஏஞ்சல் அல்காலாவும் அவருடைய குழுவினரும் அத்தீவின் மீனவரோடு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் உரையாடினர். அதன் பயனாக 1982இல் சில குடும்பத்தினர் 450 மீட்டர் நீளமுள்ள கரையோரத்தைத் தாமே மீன்பிடியிலிருந்து விலக்கிவைத்தனர். நாளடைவில் அங்குப் பெருகிய மீன் வெளியே பரவியது. ஊரார் தாமே காவல்புரிந்தனர்.

அருகிலுள்ள சுமிலோன் தீவிலோ 1974இல் ஏற்பட்ட காப்பு 1984இல் கைவிடப்பட்டது. பாறை முழுவதும் மீண்டும் மீன்பிடிக்கத் திறந்துவிடப்பட்டும், பிடிபட்ட மீனின் அளவு பெரிதும் குறைந்ததேயன்றிக் கூடவில்லை. ஆப்போவிலும் 1994இல் தேசிய அரசு மேலாண்மையைத் தன்னிடம் எடுத்துக்கொண்டபோது, தாம் வளர்த்த காப்பகத்தின்மீது ஊராருக்கிருந்த அதிகாரம் சுருங்கிற்று. கலந்தாய்வு ஒருமுறை நடந்தால் போதாது. அது தொடரவும் வேண்டும்.

4. கலந்தாய்வின் இலக்கணம்

முதலாவது, வரைபடம் முடிவாகுமுன் கூடவேண்டும். முடிந்த வரைபடத்தைக் காட்டிக் கையொப்பம் கேட்பது கலந்தாய்வன்று, அறிவிப்பேயாகும். இரண்டாவது, ‘மக்கள்’ என்பது ஒரே குரலன்று. விசைப்படகினர், நாட்டுப்படகினர், பாசி எடுக்கும் பெண்கள் ஆகியோரின் நலன்கள் வேறுபடும். ஊர்க்கூட்டத்தில் பெண்கள் பேசாவிடில் தனியே கேட்கவேண்டும். மூன்றாவது, எந்தப் பாரில் எந்த மாதம் மீன் சினைப்படுகிறது என்னும் மீனவரின் அறிவை, ஆய்வாளரின் அளவீட்டோடு சேர்த்துப் பதிவு செய்யவேண்டும். நான்காவது, தொழிலை இழப்போருக்கு மாற்று வழி அமைந்த பின்னரே தடை நடைமுறைக்கு வரவேண்டும்.

கரையோரச் சேகரங்களில் பணியாற்றும் ஆயர்களும், களப்பணிக்குச் செல்லும் இறையியல் மாணவர்களும் இவற்றை அறிந்திருத்தல் நலம். அரசு ஆணையை எளிய தமிழில் வாசித்துக் காட்டவும், கூட்டத்திற்கு வர இயலாதவரின் சொல்லை எழுத்தில் சேர்த்தளிக்கவும் ஊரில் ஒருவர் வேண்டும். கடலைக் காப்பதா, கடலோரத்தாரைக் காப்பதா என்று பிரித்து வினவுவது பொருந்தாது. பாசியைப் பறித்த அதே கைகள், மாதத்தில் பாதிக்கு மேற்பட்ட நாள்கள் தாமாகவே அதனைத் தொடாமல் விட்டிருக்கின்றன.