திருச்சியின் இரண்டு அக்டோபர்கள்

2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை. மணப்பாறைப் பட்டறைகளில் ஸ்பேனர் முதல் ஜாக்கி வரை சந்தனப் பொட்டு வைத்து, வண்டிச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, பொரி கடலை கொடுத்து ஓய்ந்த சாயங்காலம். டிவியில் அவசரச் செய்தி ஓடியது. திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு, வானத்திலேயே வட்டமடிக்கிறது. வளைகுடாவில் பிள்ளை வேலை பார்க்கும் வீடுகளுக்கு இந்தப் பக்கம் பஞ்சமில்லை. அன்று அந்த வீடுகளில் அடுப்பு பற்றியிருக்காது.

5.40க்குக் கிளம்பிய விமானம் 8.15க்குத் திருச்சியிலேயே பத்திரமாக இறங்கியது. இரண்டரை மணி நேரம் சுற்றியது எடையைக் குறைக்கத்தான். போயிங் 737இல் எரிபொருளை வானில் கொட்டிவிடும் வசதி கிடையாது. பறந்துதான் எரித்துத் தீர்க்கவேண்டும். அந்த ரகத்தில் ஹைட்ராலிக் அமைப்பு இரண்டு, மாற்றாக இன்னொன்று. எல்லாம் கைவிட்டாலும், துணை விமானி இருக்கைக்குப் பின்னால் தரையில் ஒரு மூடியும் அதற்கடியில் மூன்று கைப்பிடிகளும் உண்டு. இழுத்தால் சக்கரங்கள் தம் எடையிலேயே கீழிறங்கிப் பூட்டிக்கொள்ளும். பழுதானது இயந்திரம், காப்பாற்றியது மனிதர்கள் என்று மறுநாள் ஊரே விமானிகளைக் கொண்டாடியது. கொண்டாடவேண்டியதுதான்.

அதற்கு ஆறு வருடத்துக்கு முன், 2018 அக்டோபர் 12, நள்ளிரவு தாண்டி ஒன்றேகால் மணி வாக்கில் நடந்தது நேர்மாறு. அதே ஓடுதளம், அதே நிறுவனம், அதே 737. துபாய்க்கு 136 பேருடன் புறப்பட்ட விமானம் ஓடுதளம் தாண்டியிருந்த ஆன்டெனாக்களை முறித்து, சுற்றுச்சுவரையும் இடித்துத் தள்ளிவிட்டு மேலே போய்விட்டது. இடித்திருக்கலாம் என்று கீழேயிருந்து சொன்னபோது, எல்லாம் சரியாக இயங்குகிறது என்று பதில் வந்தது. அடிப்பகுதி சேதமான விமானத்தைப் பிறகு மும்பைக்குத் திருப்பிவிட்டார்கள். விடியற்காலையில் இறங்கியது. பயணிகள் பிழைத்தது அதிர்ஷ்டம் என்பதைத் தவிர எனக்கு வேறு சொல் தோன்றவில்லை.

விமானி தூங்கிவிட்டார் என்று டீக்கடைகளில் அன்றே முடிவு கட்டியாகிவிட்டது. விசாரணையில் வந்தது வேறு. ஓடுதளத்தில் வேகம் கூடும்போது கேப்டன் இருக்கையின் சாய்மானம் திடீரென்று பின்னால் சரிந்திருக்கிறது. உடம்போடு கையும், கையோடு த்ரஸ்ட் லீவரும் பின்னுக்குப் போக, இன்ஜினின் விசை குறைந்தது. அதை இருவருமே கவனிக்கவில்லை.

இதை எந்தக் கணக்கில் எழுதுவது? சரிந்தது இருக்கை, இழுத்தது கை, பார்க்கத் தவறியது இரண்டு ஜோடிக் கண்கள். திண்டுக்கல் ரோட்டில் லாரி கவிழ்ந்தால் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ ஓட்டியதாக டிரைவர்மேல் எஃப்.ஐ.ஆர். போட்டுவிடுவார்கள், தேய்ந்த பிரேக்கோடு வண்டியை அனுப்பிய முதலாளி அதில் வரமாட்டார். விமான விபத்து விசாரணை அப்படி இருக்கக் கூடாது என்பதற்காகவே சர்வதேச விதிகள் இருக்கின்றன: விபத்து மறுபடி நடக்காமல் தடுப்பதே விசாரணையின் நோக்கம், பழியைப் பங்குபோடுவது அல்ல. விதி இருக்கிறது, ஆனால் நமக்கு ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

கோழிக்கோட்டைப் பாருங்கள். 2020 ஆகஸ்ட் 7, கொட்டும் மழை, மேசைபோல் உயர்ந்து நிற்கும் ஓடுதளம். காற்று பின்னாலிருந்து தள்ள, விமானம் வெகுதூரம் தாண்டித் தரைதொட்டு, பள்ளத்தில் விழுந்து உடைந்தது. 21 பேர் இறந்தார்கள். நடைமுறையை விமானி மீறியதே காரணம் என்றது அறிக்கை. அதே அறிக்கையைப் புரட்டினால், முதல் முறை இறங்க முயன்றபோது கேப்டன் பக்கத்து வைப்பர் நின்றுபோனதும் இருக்கிறது. மறுநாள் காலை விமானத்தை அவரே ஓட்டவேண்டியிருந்ததால் எப்படியாவது அங்கேயே இறங்கிவிட நினைத்திருக்கலாம் என்பதும் இருக்கிறது. டியூட்டி அட்டவணை இயந்திரமா, மனிதத் தவறா? இரண்டிலும் சேராது. ஆனால் அதைப் போட்டவர் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார்.

2025 ஜூன் 12 அகமதாபாத் விமான விபத்தில் 260 உயிர்கள் போயின. முதற்கட்ட அறிக்கைப்படி, மேலெழும்பிய சில நொடிகளில் இரு இன்ஜின்களின் எரிபொருள் சுவிட்சுகளும் ஒரு நொடி இடைவெளியில் துண்டிப்பு நிலைக்குப் போயின. ஏன் துண்டித்தாய் என்று விமானிகளில் ஒருவர் கேட்க, நான் செய்யவில்லை என்கிறார் மற்றவர். சும்மா தட்டினால் நகரும் சுவிட்சு அல்ல அது, தூக்கித்தான் நகர்த்தவேண்டும். அந்தப் பூட்டு சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும்படி 2018இலேயே அமெரிக்க விமானத் துறை ஒரு குறிப்பு அனுப்பியிருந்தது. கட்டாயமில்லை, ஆலோசனைதான் என்பதால் இங்கே அந்தச் சோதனை நடக்கவில்லை. பூட்டில்தான் கோளாறு என்றும் அறிக்கை சொல்லவில்லை, விமானியின் கைதான் என்றும் சொல்லவில்லை.

யூடியூப் நீதிபதிகள் அறிக்கை சொல்லும்வரை காத்திருக்கவில்லை. இறந்துபோன கேப்டனின் தொண்ணூறு தாண்டிய தந்தை, மகன்மேல் விழுந்த பழியைத் துடைக்க உச்ச நீதிமன்றப் படியேறினார். முதற்கட்ட அறிக்கையில் விமானியைக் குற்றம்சாட்டும் வரி எதுவும் இல்லை என்பதை 2025 நவம்பரில் நீதிபதிகளே அவருக்கு எடுத்துச் சொல்லவேண்டியிருந்தது.