வியாழக்கிழமை பிறந்தவர்களே, எழுந்து வாருங்கள்!

மேற்கு ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் ஒருவருடைய பெயரைக் கேட்டாலே அவர் பிறந்த கிழமை தெரிந்துவிடும். அங்கு மிகப்பெரிய இனக்குழுவினரான அகான் மக்களிடையே, வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் கோஃபி; சனிக்கிழமை பிறந்தவர் குவாமே. ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச்செயலாளராக விளங்கிய கோஃபி அன்னான், 1957-இல் விடுதலை பெற்ற கானாவின் முதல் தலைவர் குவாமே நிக்ருமா ஆகியோரின் பெயர்களில் கிழமையே முன்நிற்கிறது. நமக்கு நட்சத்திரம் எப்படியோ, அவர்களுக்குக் கிழமை அப்படி.

இக்கணக்கு பெயரோடு நின்றுவிடுவதில்லை. தேவாலயங்கள் பலவற்றில் காணிக்கையும் கிழமை வாரியாகவே திரட்டப்படுகிறது. “திங்கட்கிழமை பிறந்தவர்கள் வருக” என்று அறிவித்ததும் முரசுகள் முழங்கும். அக்கிழமைக்குரியோர் வெள்ளைக் கைக்குட்டைகளை வீசி ஆடியபடியே பெட்டியை நோக்கிச் செல்வர். ஏழு கிழமைகளும் முடிந்தபின் தொகையை எண்ணி, எக்கிழமை முந்தியது என்று அறிவிப்பார்கள். தோற்ற கிழமைக்காரர்கள் வாளாவிருப்பதில்லை. மீண்டும் எழுந்து ஆடிச் சென்று கொடுத்துவிட்டு வருவர். பணத்தைக் கொடுக்கும்போது மனிதர்கள் இவ்வளவு மகிழ்வதை வேறெங்கும் நாங்கள் கண்டதில்லை.

தலைநகர் ஆக்ராவில் பணியாற்றும் மருமகனோடு மகள் குடியேறி மூன்றாண்டுகள் ஆகின்றன. அவளுடைய பேறுகாலத்துக்காகச் சென்ற மே மாத இறுதியில் புறப்பட்டோம். (மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது பத்து நாட்களுக்கு முன்னரே, அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் போட்டுக்கொண்டு சான்றிதழ் பெற வேண்டும். போகும்போது அங்கும் கேட்பார்கள். திரும்பும்போது இங்கும் கேட்பார்கள்.) குழந்தை பிறந்ததும் தாயையும் சேயையும் ஊருக்கு அழைத்து வந்துவிடுவது என்பதே எங்கள் எண்ணம். உற்றார் உறவினர் இல்லாத இடத்தில் அவளை விட்டுவர மனம் ஒப்பவில்லை.

நாங்கள் சென்றிறங்கிய நேரம் நகரம் வியப்பூட்டும் அளவுக்கு அமைதியாக இருந்தது. ஆக்ராவின் மண்ணின் மைந்தர்களான கா இன மக்கள், தம் அறுவடைத் திருவிழாவான ஹோமோவோவுக்கு முன்னர் ஏறத்தாழ ஒரு மாதம் முரசொலிக்குத் தடை விதிப்பர். கிறித்தவ வழிபாட்டிடங்களும் அக்காலத்தில் ஒலியைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இதனால் முற்காலத்தில் பூசல்கள் எழுந்ததும் உண்டு; இப்போது பெரும்பாலும் இணங்கியே போகிறார்கள். ஹோமோவோ என்றால் பசியைப் பார்த்து எள்ளி நகைத்தல் என்று பொருள். முன்னொரு காலத்தில் பஞ்சத்தைக் கடந்து வந்ததன் நினைவு அது. ஆகஸ்டில் தலைவர்கள் மக்காச்சோள உணவைத் தெருக்களில் தூவிச் செல்வதை நாங்களும் கண்டோம். பசியைக் கேலி செய்ய ஒரு திருவிழா என்னும் எண்ணமே எங்களுக்கு மிகவும் பிடித்துப் போயிற்று.

எங்களைத் தேவாலயத்துக்கு அழைத்துச் சென்றவர் பக்கத்து வீட்டு அம்மையார். மகோலா சந்தையில் துணிக்கடை வைத்திருப்பவர். ‘நீங்கள் எந்தச் சமயம்?’ என்று அவர் ஒருமுறையும் கேட்கவில்லை. ‘எந்தக் கிழமை பிறந்தீர்கள்?’ என்றுதான் கேட்டார்.

ஜூலையில் ஒரு வியாழக்கிழமை விடியற்காலையில் பேத்தி பிறந்தாள். நண்பகலுக்குள் மகளுக்குக் குருதிப்போக்கு மிகுந்துவிட்டது. கானாவில் குருதிக் கையிருப்பு பெரிதும் நோயாளியின் குடும்பத்தாரும் நண்பர்களும் ஈடாகக் கொடுப்பதையே நம்பியிருக்கிறது. அங்கே எங்கள் குடும்பம் என்பது மூவர். நாங்கள் இருவரும் அறுபதைக் கடந்தவர்கள், நீரிழிவு உள்ளவர்கள். எஞ்சியவர் மருமகன் ஒருவரே. இருந்த கையிருப்பிலிருந்து மருத்துவர்கள் உடனே குருதி ஏற்றத் தொடங்கினர். மேலும் தேவைப்படலாம் என்றும் கூறினர். மருமகன் அம்மையாருக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னார்.

ஒரு மணி நேரத்துக்குள் அந்தத் தேவாலயப் பாடகர் குழுவினர் பதினொருவர் மருத்துவமனை வாயிலில் வந்து நின்றனர். சந்தையிலிருந்து கடையைப் பூட்டிவிட்டு வந்தவர்கள், அலுவலக அடையாள அட்டை கழுத்தில் தொங்க வந்தவர்கள், பள்ளி ஆசிரியர் ஒருவர். அவர்களுள் எட்டுப் பேரின் குருதி ஏற்றுக்கொள்ளப்பட்டது. குருதி கொடுக்க இயலாத மூவர், தாழ்வாரத்தில் எங்களுக்கு இருபுறமும் அமர்ந்து தணிந்த குரலில் பாடிக்கொண்டிருந்தனர். ட்வி மொழிப் பாடலின் பொருள் எங்களுக்கு விளங்கவில்லை, கேட்கவும் தோன்றவில்லை. மாலையில் மகள் கண் விழித்தாள்.

அகான் முறைப்படி எட்டாம் நாளில் குழந்தையை வெளியே கொணர்ந்து பெயர் சூட்டுவர். அதன் நாவில் முதலில் ஒரு துளி தண்ணீரும், பின்னர் ஒரு துளி மதுவும் வைப்பது வழக்கம். தண்ணீரைத் தண்ணீர் என்றும் மதுவை மது என்றும் உள்ளதை உள்ளபடி சொல்பவளாக வளர வேண்டும் என்பது அதன் உட்பொருள். மது எங்களுக்கு உடன்பாடில்லை என்றதும், உப்புக் கரைத்த நீரை விரல் நுனியால் தொட்டு வைத்தார் அம்மையார். வியாழக்கிழமைக் குழந்தை ஆதலால் யா என்று பெயர். 1900-ஆம் ஆண்டில் ஆங்கிலேயரை எதிர்த்து அசாந்தே மக்களின் போருக்குத் தலைமை தாங்கிய யா அசாந்தேவா என்னும் அரசியன்னையின் பெயரும் அதுவே. நாங்கள் ஜாதகம் பார்த்து வைத்த பெயர் கடவுச்சீட்டில் இருக்கிறது. தெருவில் அவள் யாதான்.

மகள் நடமாடத் தொடங்கியபின் நன்றி வழிபாடு நிகழ்ந்தது. மகிழ்ச்சிக்கும் நன்றிக்கும் அங்கே வெள்ளை உடை. துக்கத்துக்குக் கறுப்பும் சிவப்பும். முரசுத் தடை நீங்கியிருந்ததால் மூன்று மணி நேரம் கூரை அதிர்ந்தது. வியாழக்கிழமைக்காரர்களை அழைத்தபோது, குருதி கொடுத்த எண்மருள் இருவர் எழுந்து வந்து, பேத்தியை ஏந்திக்கொண்டு முன்னே ஆடிச் சென்றனர். எங்களில் ஒருவர் புதன், மற்றவர் ஞாயிறு. முறைப்படி நாங்கள் எழக் கூடாது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஆக்ராவின் ஒடோர்கோர் பகுதியிலுள்ள இந்துத் திருமடத்துக்கும் சென்றோம். கானாவில் பிறந்து, ரிஷிகேசத்தின் சுவாமி கிருஷ்ணானந்தரிடம் துறவு ஏற்ற சுவாமி கானானந்த சரஸ்வதி 1975-இல் நிறுவியது அது. அவர் 2016-இல் மறைந்தார். அங்கு வழிபட வருவோரும் பெரும்பாலும் அந்நாட்டு மக்களே.

வங்கி வாடிக்கையாளர்களுக்கு இரு செய்திகள். கானாவின் நாணயமான செடி, 1965-இல் அறிமுகமானது. அச்சொல்லுக்கு அகான் மொழியில் சோழி என்று பொருள். ஒரு காலத்தில் அங்கே பணமாகப் புழங்கிய சோழிகளுள் பெரும்பகுதி, நம் பக்கத்து மாலத்தீவிலிருந்து இந்தியத் துறைமுகங்கள் வழியாகவும் சென்றவையே. மற்றொன்று சுசு என்னும் சேமிப்பு. சந்தையில் நாள்தோறும் ஒருவர் வந்து, கடைக்காரப் பெண்களிடம் ஒரே அளவு தொகையைப் பெற்று அட்டையில் குறித்துச் செல்வார். மாத இறுதியில் ஒருநாள் தொகையைத் தம் கூலியாக எடுத்துக்கொண்டு எஞ்சியதைத் திருப்பித் தருவார். வட்டி இல்லை, ஆனால் கைக்கு வந்த காசு செலவாகாமல் காக்கப்படுகிறது. நம் சீட்டைப் போல முறைவைத்து மொத்தமாக எடுக்கும் சுசுவும் உண்டு. இவை பெரிதும் நம்பிக்கையின் பேரில் நடப்பவை ஆதலால், ஏமாற்றம் நேரவும் கூடும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆகஸ்ட் இறுதியில் நாங்கள் இருவர் மட்டுமே ஊர் திரும்பினோம். மகள் அம்மையாரின் சுசுக் குழுவில் சேர்ந்திருக்கிறாள். பன்னிரண்டு பேர், அவளுடைய முறை ஏப்ரலில். அந்தப் பணத்தில் பயணச்சீட்டு எடுத்து, சித்திரைத் திருவிழாவுக்கு யாவை அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.