காஞ்சிபுரத்துப் பௌத்த விகாரைகள்

காஞ்சிபுரம் இன்று கோயில்களுக்கும் பட்டு நெசவுக்கும் பெயர் பெற்ற நகரம். பல்லவர் காலத்தில் இது தென்னிந்தியாவின் முக்கியமான பௌத்த மையங்களில் ஒன்றாகவும் விளங்கியது. இங்கிருந்த விகாரைகளில் ஒன்றுகூட இன்று முழுமையாக நிற்கவில்லை. இலக்கியக் குறிப்புகள், பயணியர் எழுத்துகள், சிலைகள், அகழாய்வுத் தடயங்கள் ஆகியவற்றைக் கொண்டே அவற்றின் வரலாறு அறியப்படுகிறது.

இலக்கியச் சான்றுகள்

மணிமேகலைக் காப்பியத்தின் இறுதிப் பகுதி காஞ்சியில் நிகழ்கிறது. பஞ்சத்தால் வாடிய நகருக்கு வரும் மணிமேகலை, அமுதசுரபியால் மக்களின் பசி தீர்க்கிறாள். அறவண அடிகளிடம் பௌத்த அறம் கேட்கிறாள். சோழன் இளங்கிள்ளி அங்கு எழுப்பிய பௌத்த சைத்தியம் பற்றியும் காப்பியம் கூறுகிறது.

முதலாம் மகேந்திரவர்மன் இயற்றிய 'மத்தவிலாசப் பிரகசனம்' என்னும் வடமொழி அங்கத நாடகத்தின் களமும் காஞ்சியே. அதில் ஒரு பௌத்தத் துறவி கேலிக்குரிய பாத்திரமாக வருகிறார். நகர மக்களுக்கு நன்கு தெரிந்த ஒருவரைக் காட்டினால்தான் கேலி எடுபடும். ஆகவே, விகாரைகளும் துறவிகளும் அக்கால நகர வாழ்வில் கலந்திருந்தமைக்கு இந்நாடகமும் மறைமுகச் சான்றாகிறது.

யுவான் சுவாங் குறிப்பு

சீனப் பயணி யுவான் சுவாங் ஏறத்தாழ கி.பி. 640இல், முதலாம் நரசிம்மவர்மன் ஆட்சிக் காலத்தில், காஞ்சிக்கு வந்தார். நூறு அளவிலான விகாரைகளும் 10,000 துறவிகளும் இருந்ததாக அவர் எழுதியுள்ளார். எண்பது அளவிலான பிற தெய்வக் கோயில்களையும் சமணர் பலரையும் குறிப்பிடுகிறார். அசோகர் கட்டியதாகச் சொல்லப்பட்ட, சுமார் 100 அடி உயரத் தூபி பற்றிய செய்தியும் அவர் நூலில் உண்டு. நாளந்தாவின் தலைவராக இருந்த தருமபாலர் காஞ்சியில் பிறந்தவர் என்பதும் அவர் தரும் தகவலே.

சிலைகளும் அகழாய்வும்

1915இல் தொல்லியலாளர் து. அ. கோபிநாதராவ், காமாட்சி அம்மன் கோயிலிலும் நகரின் பிற இடங்களிலும் தாம் கண்ட புத்தர் சிலைகளைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். காமாட்சி அம்மன் கோயிலில் இருந்த, ஏழு அடிக்கும் மேற்பட்ட உயரமுள்ள நின்ற கோலப் புத்தர் சிலை பின்னர் சென்னை அரசு அருங்காட்சியகத்துக்குக் கொண்டு செல்லப்பட்டது.

1969–70 அளவில் சென்னைப் பல்கலைக்கழகம் காமாட்சி அம்மன் கோயிலுக்கு அருகே அகழாய்வு நடத்தியது. வட்ட வடிவச் செங்கல் கட்டுமானம் ஒன்றும், 'புதலதிச' என்று பிராமி எழுத்தில் பொறித்த பானை ஓடும் கிடைத்தன. அக்கட்டுமானம் பௌத்தத் தூபியாகவும், அப்பெயர் துறவி ஒருவருடையதாகவும் இருக்கலாம் எனக் கருதப்பட்டது.

இடப்பெயர்களில் வரும் 'பள்ளி' என்னும் சொல்லும் ஒரு துப்பு. ஆயினும் அது சமணத் துறவியர் உறைவிடத்தையும் குறிக்கும் என்பதால், பெயரை மட்டும் கொண்டு ஓரிடத்தைப் பௌத்தத் தலம் என்று முடிவு செய்ய இயலாது.

பிற்காலம்

காஞ்சியில் பௌத்தம் பல்லவரோடு முடிந்துவிடவில்லை. சாவகத்தில் 1365இல் எழுதப்பட்ட 'நாகரகிருதாகமம்', காஞ்சியின் ஷட்விகாரத்தில் வாழ்ந்த புத்தாதித்தியர் என்னும் துறவி மயாபாகித்து மன்னனைப் புகழ்ந்து பாடியதாகக் குறிப்பிடுகிறது.

பாதுகாப்பு

காவிரிப்பூம்பட்டினத்தின் பல்லவனீச்சுரத்தில் செங்கல் விகாரை ஒன்றையும் புத்தபாதக் கல்லையும் அகழ்ந்தெடுக்க முடிந்தது. காஞ்சியின் நிலை வேறு. பழைய நகரின் மீதே இன்றைய வீடுகளும் தெருக்களும் தறிக்கூடங்களும் உள்ளன. பரந்த அகழாய்வுக்கு இங்கே இடமில்லை. யுவான் சுவாங் சொன்ன தூபி இன்றுவரை அடையாளம் காணப்படவில்லை.

செங்கல் கட்டடத்தைப் பிரித்து வேறு வேலைக்குப் பயன்படுத்துவது எளிது. கற்சிலை அப்படி அழிவதில்லை, ஆனால் இடம் மாறிவிடும். எந்த மண்ணடுக்கில், எதன் அருகில் கிடைத்தது என்ற பதிவு இல்லாத சிலை, தான் இருந்த விகாரையைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்லும். எனவே, வீட்டுக்கு அடித்தளம் தோண்டும்போது பழைய செங்கல்லோ பானை ஓடோ சிலையோ தென்பட்டால், அதை எடுத்து அப்புறப்படுத்தாமல், கிடந்த இடத்திலேயே விட்டு வட்டாட்சியருக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவிப்பது அவசியம். காஞ்சியின் விகாரைகள் பற்றிய அடுத்த சான்று அத்தகைய ஒரு குழியிலிருந்தும் கிடைக்கக்கூடும்.